நெட்டையன் ஓடிய ஒரு நாள்

மார்ச் 4

ஜட்ஜம்மாவுக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என் வயிறு சரியில்லை என்று சொன்னேன் அல்லவா. உன்னிடம் மட்டும் சொன்னதாகத்தான் நினைத்தேன். சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டியின் உச்சிப் படியில் நின்று, காற்றுக்கு மேலே கத்திச் சொன்னதால், கீழே போன் பேச வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். இறங்கி வருவதற்குள் ஆளுக்கொரு வைத்தியம். நம் எதிர்வீட்டுத் தையல்காரர், "அண்ணே, எத்தனை தடவைன்னு சொல்லாம விட்டுட்டீங்களே, நாங்க பந்தயம் கட்டியிருந்தோம்" என்றார். இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட என்னை நிறுத்தி நலம் விசாரிக்கின்றன. ஆகையால் மானத்தோடு பேச வேண்டியதை இனி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ இங்கிருந்து போன பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. தெருக்கோடியில் நிற்கிற நெட்டையன் மஞ்சள் கம்பெனியின் செல்போன் டவர். அதற்கு டீசல் ஊற்றித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அப்புறம் நீலக் கம்பெனி வந்தது. ஒரு வருஷம் எல்லாம் இலவசம் என்றது, சிம்மோடு ஒரு குடையும் கொடுத்தது. ஊரே மாறியது. நான் மட்டும் யோக்கியனா? மஞ்சளில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவன். மஞ்சள் படுத்துவிட்டது. நீலம் அதை வாங்கிக்கொள்ள நீ வேலை பார்க்கிற தொலைத்தொடர்பு ஆணையம்தான் அனுமதி கொடுத்தது. வாங்கின கையோடு நெட்டையனை நிறுத்திவிட்டார்கள். நெடுஞ்சாலையில் ஒரு டவர் இருக்கிறது, இந்தப் பள்ளத்துக் குடியிருப்புக்கு இன்னொன்று எதற்கு என்றார்களாம். இடையில் கல்குவாரி மேடு நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கட்டணத்தை ஏற்ற மட்டும் நம் வீட்டு விலாசம் தெரிந்திருக்கிறது. போட்டிக்கு ஆள் இல்லையே, யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

இரும்பு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள காண்ட்ராக்டர் என்னை வைத்திருக்கிறார். செத்தவனுக்குக் காவல்.

இவ்வளவும் ஒரு விஷயத்துக்காகச் சுற்றி வளைத்தேன். அம்மாவுக்கு மூச்சு முன்னைப் போல இல்லை. "முட்டினா வீட்ல வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்கிறார் டாக்டர். கூப்பிட நான் தொட்டி ஏற வேண்டும். என் முழங்காலுக்கு, ஏறி முடித்தால் ரெண்டு ஆம்புலன்ஸ் கேட்க வேண்டியிருக்கும்.

நெட்டையனை எழுப்பிவிட உன் ஆபீஸில் ஏதாவது வழி உண்டா?

அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தது தப்பு. வயிறு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள்.

மற்றதைச் சிரிக்காமல் எழுதுகிறேன். நீலக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தபோது நாங்கள் ஒரு நிபந்தனை போட்டோம். ஏற்கெனவே சிக்னல் கிடைக்கிற எந்த வீடும் அதை இழக்கக் கூடாது. இழந்தால் உரிமத்தில் கை வைப்போம். அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நம் வீட்டை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் கம்பெனி கொடுத்திருக்கும் வரைபடத்தில் நம் குடியிருப்பு முழுக்கப் பச்சை. பச்சை என்றால் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே பேசலாம் என்று அர்த்தம்.

படம் பொய் என்று நான் சொன்னால் செல்லாது. எங்கள் சோதனை வண்டி வந்து அளக்க வேண்டும். அளந்ததை வைத்து அறிக்கை எழுதுவது என் வேலை. நம் பக்கத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்த நாள் என்று வெளியே சொல்லக் கூடாது. உங்களுக்கும்தான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நாங்கள் விசாரிக்கிற கம்பெனியில் வீட்டார் யாராவது வேலை செய்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே விதி. நீங்கள் காண்ட்ராக்டரின் ஆள், கம்பெனி ஆள் இல்லை என்று வாதம் செய்யலாம். எனக்கே நம்பிக்கை இல்லாத வாதம். தெரிவித்தால் இந்தக் கோப்பு இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்குப் பள்ளத்துக் குடியிருப்பு என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. சோதனை முடியட்டும், பிறகு தெரிவிக்கிறேன். இது சரியா என்று தெரியவில்லை. சின்ன வயதில் வீட்டுச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னேன் என்று ஜட்ஜம்மா ஆக்கினீர்கள். என் வழக்கை யார் கேட்பது?

அம்மாவை இங்கே அழைத்து வந்துவிடலாம் என்றால், என் அறை நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

உங்கள் மகள்

ஏப்ரல் 9

ஜட்ஜம்மா, நீ கெட்டிக்காரி. நெட்டையன் எழுந்துவிட்டான்.

நேற்றுக் காலை மேலிடம் ஜீப்பில் டீசல் கேன்களோடு வந்தார். மேலிடம் என்பது சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "மேலிடத்து உத்தரவு" என்பார். அவர் வீட்டில் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அதுவும் மேலிடத்து உத்தரவாகத்தான் இருக்கும்.

"யோவ், ஜெனரேட்டர் ஓடுமா?"

"ஓடுமாவா? வாரா வாரம் துடைச்சு வெச்சிருக்கேன் சார். பொண்ணு பார்க்க வர்ற வீடு மாதிரி இருக்கும்."

"அப்ப போடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

போட்டேன். ஹெட் ஆபீஸிலிருந்து சிக்னலைத் திறந்துவிட்டார்கள். அது அங்கே திறந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் நான் ஆறு மாதத்து டீசலை ஊற்றினாலும் உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும்.

தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தபடியே தம்பியோடு பேசினார், ஆனால் தொட்டிப் பழக்கத்தில் கத்திக்கொண்டே பேசினார். எல்லாரும் அப்படித்தான். ஊருக்கே காது போய்விட்டதோ என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அம்மா உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள். "போன்ல தலை தெரியாதுடி" என்றேன். "என் பிள்ளைக்கு என் குரல்லயே தெரியும், வாரியிருக்கேனா இல்லையான்னு" என்றாள். நீ அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேசினாயாமே. அவள் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்கிறாள். ஒன்றும் இல்லாததை எப்படித்தான் அவ்வளவு நேரம் பேசுவீர்களோ?

உங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். கூரையில் கொம்பு கொம்பாக வைத்த வெள்ளை வண்டி. குவாரிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. நானும் தையல்காரரும் தள்ளிவிட்டோம். சட்டையெல்லாம் சேறு. நம் பிள்ளை ஆபீஸ் வண்டியாயிற்றே என்று துவைக்கக்கூட மனசு வரவில்லை.

மாலையில் டீசல் தீர்ந்து நெட்டையன் நின்றான். மேலிடம் திரும்பக் கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். வந்துவிடும்.

அப்பா

ஏப்ரல் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா என்ன பேசினாள் என்று நான் சொல்கிறேன். என் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா, போர்வையை உதறிப் போடுகிறேனா, அடுப்புக்குப் பக்கத்தில் துண்டைத் தொங்கவிடுகிறேனா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பொய் சொன்னேன். எதையும் நம்பவில்லை.

சோதனை வண்டியின் அளவுகள் வந்துவிட்டன. நம் தெருவில் நல்ல சிக்னல். வேறு இடமாக இருந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்லியிருப்பேன். இங்கே அது தேவைப்படவில்லை. அதே நாள் என் காதாலேயே கேட்டேனே, அம்மா பக்கத்து அறையில் இருப்பதுபோல. நிபந்தனை நிறைவேறியிருக்கிறது என்று எழுதி, நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் உங்களைப் பற்றித் தெரிவித்துவிடுவேன். மனசு லேசாக இருக்கிறது.

டீசல் இதற்குள் வந்திருக்கும், இந்த ஞாயிறு அம்மாவைப் படுத்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 30

ஜட்ஜம்மாவுக்கு,

ஞாயிறு நீ கூப்பிட்டிருப்பாய். கிடைத்திருக்காது. நெட்டையன் அன்றைக்கு நின்றவன்தான், பிறகு ஓடவே இல்லை. நானும் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கேன்களைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன்.

நேற்று மேலிடத்தைப் பிடித்தேன்.

"சார், டீசல் எப்ப வரும்?"

"எந்த டீசல்?"

"அன்னைக்குக் கொண்டு வந்தீங்களே."

"அன்னைக்கு வண்டி வந்துச்சு, டீசலும் வந்துச்சு. வண்டி போயிடுச்சு, டீசலும் போயிடுச்சு. இதுகூடப் புரியாம என்னய்யா இத்தனை வருஷம் வேலை பார்த்த?"

"வண்டி வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேலிடத்துக்குத் தெரியாதது உண்டா?" என்று சிரித்தார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உன் மக அந்த ஆணையத்துலதான இருக்கு? ஓட்டினது அப்பன், எழுதினது மக. விஷயம் வெளியே போனா எப்படிப் படிப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு" என்றார்.

யோசித்தேன். சாவியைப் போட்டவன் நான். ஜெனரேட்டரைத் துடைத்து வைத்தவன் நான். பொய்யை அளக்க வந்த வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போயிருந்தாலாவது தப்பித்திருப்போம், அதையும் தள்ளிவிட்டவன் நான். முட்டாள்தனத்துக்கு எங்காவது சம்பளம் கொடுத்தால் சொல், உடனே சேர்ந்துவிடுகிறேன்.

டவர் அந்த ஒரு நாள்தான் ஓடியது என்று ஆணையத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் நெட்டையன் எழுந்துவிடுவான் என்று தோன்றுகிறது. அந்த ஒரு வரி உன் வேலையையும் கொண்டுபோகும். அம்மாவிடம் கேட்டேன். "அவளைக் கேக்காம எதையும் எழுதாதீங்க" என்றாள். அதைச் சொல்லி முடிக்க ரெண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

கேட்டிருக்கிறேன். சொல்.

அப்பா

மே 9

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. டவரை ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினீர்கள். கொக்கி, போர்வை என்று பேசிய சந்தோஷத்தில் அளவைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். வண்டியின் நாளைக் கம்பெனிக்குச் சொன்னது இங்கேயே எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிற யாரோ. அந்த முகங்களுக்குத் தினமும் வணக்கம் சொல்கிறேன்.

உங்களைப் பற்றி இன்னும் தெரிவிக்கவில்லை. இப்போது தெரிவித்தால் மாட்டிக்கொண்டதும் சொன்னாள் என்பார்கள்.

நீங்கள் இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். வேறு காரணம் சொல்லி, இரண்டாவது முறை அளக்க ஏற்பாடு செய்கிறேன். இந்த முறை தேதி என்னைத் தாண்டி யாருக்கும் போகாது. உங்கள் பெயரும் வராது, என் பெயரும் வராது, நெட்டையனும் எழுந்துவிடுவான். ஒரு மாதம் கொடுங்கள்.

அம்மாவை வெயிலில் அலைய விடாதீர்கள்.

உங்கள் மகள்

ஜூன் 6

மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ வந்து, அம்மாவை அனுப்பிவைத்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது ஒன்று கேட்டாய். "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தாகம் இல்லை.

நான் பக்கத்தில் இல்லை. அதுதான் பதில்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், முட்டிவிட்டது. தையல்காரர் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் விலகிவிட்டார்கள். மேலே ஒருவன் எங்கேயோ வேலை கேட்டுப் பேசிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை வெட்டிவிட்டுத் தன் போனையே கையில் கொடுத்தான். ஆம்புலன்ஸ்காரப் பெண் பொறுமையான பெண். ஆனால் சிக்னல் நெடுஞ்சாலை டவருடையது, கூப்பிடுகிறவன் நெடுஞ்சாலையில் நிற்கிறான் என்றுதான் அவள் திரை காட்டியதாம். "எந்தப் பக்கம் திரும்பணும் சார்?" என்றாள். குவாரி மேட்டைச் சொன்னேன், லைன் விட்டுப்போனது. மறுபடி கூப்பிட்டேன், வேறொருத்தி எடுத்தாள், மறுபடி முதலிலிருந்து குவாரி மேடு. நான் அங்கே வழி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே முடிந்திருக்கிறது.

இறங்கி வந்தேன். தையல்காரர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து அவர் கிண்டலாக எதுவும் சொல்லவில்லை. அதிலேயே தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். "ஒரு மாசம்தான, ஆகட்டும். அவளுக்கும் அங்க எவ்வளவு தலைவலியோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நீ அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா

ஜூன் 19

அப்பா,

இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

ஒரு மாதம் கேட்டது அம்மாவுக்காக இல்லை. எனக்காக. நீங்கள் அதை எழுதாமல் விட்டதால் நான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஆணையத் தலைவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா அந்த டவரின் காவல்காரர், அளந்த நாள் மட்டும்தான் டவர் ஓடியது, என் அறிக்கை தப்பு. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பொது விசாரணை. உங்களுக்கு அழைப்பு வரும்.

கேட்பதற்கெல்லாம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். தேதியைச் சொன்னது மகளா என்று கம்பெனி வக்கீல் கேட்பார். கோபம் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். அந்த ஹாலில் நாம் பேசிக்கொள்ளக் கூடாது. நான் உங்களைப் பார்க்காவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

ஜன்னல் கொக்கியைச் சரி செய்துவிட்டேன்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 14

ஜட்ஜம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். துணைக்கு வந்த தையல்காரர் பஸ்ஸில் முழுக்கத் தூங்கினார், என் தோளில்தான்.

நீ கடைசி வரிசையில் மடியில் ஏதோ கோப்பை வைத்துக் குனிந்திருந்தாய். அதனால் என் கூத்தைப் பார்த்திருக்க மாட்டாய், கேட்டிருப்பாய். மைக்கைப் பார்த்ததும் தொட்டி ஞாபகத்தில் பெயரைக் கத்திவிட்டேன். தலைவர் காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவா சொல்லுங்க, கேக்குது" என்றார். "கேக்குதுன்னு சொல்ற இடத்துக்கு இப்பத்தாங்க வந்திருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

வக்கீல் சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான். "உங்க மக தேதியைச் சொன்னாங்களா?" "சொல்லலை. எனக்கு அன்னைக்குத் தேதி தெரியாது, டீசல்தான் தெரியும்." "அப்புறம் எதுக்கு ஓட்டினீங்க?" "ஓட்டச் சொன்னாங்க. ஓடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்." அவன் தாளைப் புரட்டினான். மேலிடமும் வந்திருந்தார், புதுச் சட்டை. யார் உத்தரவு என்று கேட்டதற்கு "ஞாபகம் இல்லை" என்றார். அந்த மனுஷன் வாயில் மேலிடம் என்ற வார்த்தை வராமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீர்ப்பைப் பிறகு சொல்வார்களாம். அபராதம் போடுவார்கள், அதைக் கம்பெனி நம் கட்டணத்திலேயே ஏற்றிவிடும் என்கிறார் தையல்காரர். நெட்டையன் இன்னும் அப்படியேதான் நிற்கிறான். காவல் வேலை போய்விட்டது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். துடைக்கிற துணியை மட்டும் கேட்கவில்லை, அது என்னிடம் இருக்கிறது.

கடைசியில் அந்த அம்மா, தலைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர், கேட்டார் அல்லவா. "அன்னைக்கு ஜெனரேட்டரைப் போட்டதுக்கு வருத்தப்படறீங்களா?" "ஆமாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். பொய் இல்லை. இங்கே எத்தனை வீட்டுக்கு அதனால் கேடு என்று எனக்குத் தெரியும். முதல் வீடு நம் வீடு.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். நீ ஒரு வாசலில் போனாய், நான் ஒரு வாசலில் போனேன்.

உன் அம்மா சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்ட நாள் அது. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லாததை உன்னோடு பேசிச் சிரித்த நாள். நாளைக்கே மேலிடம் டீசலோடு வந்து, அந்த ஒரு நாளை மட்டும் திரும்பத் தருகிறேன், நடந்தது எல்லாம் மறுபடி நடக்கும் என்று சொன்னாலும், நான் சாவியைப் போடுவேன். அதை மட்டும் சொல்லவில்லை.

அப்பா